விரல் எட்டாத பட்டன்

என் நாத்தனாருக்கு வீட்டிலும் ஆபீஸிலும் ஒரே பெயர்தான். அதெப்படி. பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்றுதான் கேட்பாளாம். பெயரை வைத்தவர் அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். ஆபீஸுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. அவளோடு கொஞ்ச நாள் வேலை பார்த்தால் யாருக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வரும். அங்கே இருக்கும் சின்ன வயதுக்காரர்கள் மரியாதையாக 'அதெப்படி அக்கா' என்கிறார்கள்.

நான் துணி தைப்பவள். வீட்டின் முன்னறைதான் என் கடை. நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது அவள் படித்துக்கொண்டிருந்தாள். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று பிறகு சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்க வந்தவர்களை எல்லாம் திருப்பிக் கேள்வி கேட்டே விரட்டினாள். இப்போது நாற்பதைத் தாண்டியாயிற்று, எங்களோடுதான் இருக்கிறாள். நான் அணைத்துவிட்டு வந்த அடுப்பை அவள் ஒரு தரம் போய்த் திருகிப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் என்ன குருடியா?" என்பேன். "பழக்கம் அண்ணி, கோச்சுக்காதீங்க" என்பாள். மறுநாளும் போய்த் திருகுவாள்.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? கொடுக்கிறார்கள். போனில் நாம் வைத்துக்கொள்ளும் ஆப்களை வெளியே விடுவதற்கு முன், எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பார்ப்பது என்றால் தானே உட்கார்ந்து தட்டித் தட்டிப் பார்ப்பது கிடையாது. எதை அழுத்த வேண்டும், எங்கே என்ன எழுத வேண்டும், பிறகு என்ன தெரிய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்துவிடுவாள். அது வரிசையாகப் பல போன்களில் அதைச் செய்து பார்க்கும்.

சில நாள் அந்தப் போன்களை ஒரு பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். வீட்டில் பெரிய மேசை என்று இருப்பது நான் துணி வெட்டும் மேசை ஒன்றுதான். அதில் பாதியைப் பிடித்துக்கொண்டு ஒயர்களை மாட்டுவாள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரும் தொடாமலே எல்லாப் போன்களிலும் திரை நகர்கிறது, பட்டன் அமுங்குகிறது, ஒவ்வொரு எழுத்தாக ஏதோ ஒரு பெயர் விழுகிறது. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு நான் எழுந்துவிட்டேன்.

"பேயெல்லாம் இல்ல அண்ணி. நான் எழுதிக் குடுத்ததைத்தான் அது செய்யுது."

"அது சரியா செய்யுதான்னு யார் பாக்கறது?"

"பாஸ் ஆனா லேப்டாப்ல பச்சை வரும். ஆகலைன்னா சிவப்பு."

அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை. அவளுக்கும் அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எனக்குப் பட்டன் தைக்கிற வேலை தலைக்கு மேல் கிடந்தது.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் சில நாள் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். போகிற நாளுக்கு முதல் நாள் வரவேற்பில் இருக்கும் பெண் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "நாளைக்கு வரீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வருகிறவர்களுக்குத்தான் இயந்திரத்தைத் தயார் செய்து வைப்பார்கள். பிறகு நிலையம் ஆப்புக்கு மாறியது. போன் கிடையாது, ஆப்பில் போய் 'வருகிறேன்' என்ற பட்டனை நாமே அழுத்த வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குள் அழுத்தாதவர்களின் முறை தானாக அடுத்த நாளைக்குத் தள்ளிப்போய்விடும். ஒரு நாள்தானே என்று நினைக்கக் கூடாது. ஒரு நாள் தள்ளினால் அவருக்குக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பார். அதை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், போதும்.

அந்த ஆப்பைச் செய்தது என் நாத்தனாரின் ஆபீஸ். அண்ணனுக்கான ஆப் என்பதால் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு இருந்த பெரிய தலைவலி அந்தப் பட்டன் இருக்கும் பக்கம். ஆப் முழுவதும் இவர்கள் செய்தது. ஆனால் 'வருகிறேன்' பக்கம் மட்டும் நிலையத்தின் வலைப்பக்கம். அதை வேறு ஒருவர் செய்து தனியாக எங்கோ வைத்திருக்கிறார், ஆப் அதை எடுத்துத் தனக்குள்ளே காட்டுகிறது. ஒரு தையல்காரர் தைத்த சட்டையில் இன்னொருவர் தைத்த பையை வைத்த மாதிரி. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே துணியாகத்தான் தெரியும்.

வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் அவளுடைய கம்ப்யூட்டருக்கோ அந்தப் பக்கம் வெறும் பெட்டியாகத் தெரிந்தது. உள்ளே பட்டன் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. மாய்ந்து மாய்ந்து உட்கார்ந்து கடைசியில் 'ஆப்பை விட்டு வலைப்பக்கத்துக்கு உள்ளே போ, அங்கே பட்டனைத் தேடி அழுத்து' என்று எழுதக் கற்றுக்கொண்டாள். முதல் முறை பச்சை வந்தபோது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் வாயில் குண்டூசிகள் இருந்தன. நல்லவேளை, விழுங்கவில்லை.

வலைப்பக்கத்தைச் செய்தவரை நாங்கள் பக்கக்காரர் என்போம். அவருக்கும் இவளுக்கும் ஆகவே ஆகாது. இவள் குறை எழுதி அனுப்புவாள். அவர் 'பார்க்கிறேன்' என்று ஒரு வார்த்தையில் பதில் போடுவார். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். "அடுத்தவங்க பக்கத்தை நம்ம ஆப்புக்குள்ள வெச்சா இப்பிடித்தான்" என்று இவள் பொருமுவாள். ஒருவர் குரலை ஒருவர் கேட்டதுகூட இல்லை.

ஆப் எல்லார் போனிலும் முன்பே ஏறியிருந்தது, திறந்துவிடுவதுதான் பாக்கி. அந்த நாள் காலையில் கடைசியாக எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தாள். பெரிய போன், சின்ன போன், பழைய போன். வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்வார்களே என்று அப்படியும் வைத்துப் பார்த்தாள். எல்லாம் பச்சை. "விட்டுடலாம் சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தாள். ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தான்.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "அண்ணா, நாளைக்கு 'வருகிறேன்' போட்டுட்டியா?"

"போட்டுக்கலாம்."

"அதெப்படி? காலைலயே வந்திருக்குமே."

"போட்டுக்கலாம்னு சொல்றேன்ல. சாப்பிடு."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அப்போதே ஏதோ பட்டது. இந்த மனிதர் தங்கையிடம் குரலை உயர்த்துகிறவர் இல்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் போனை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "என் முன்னாடி பண்ணு."

ஆப் திறந்தது. பக்கம் வந்தது. அவர் எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருப்பார். நிலையத்தின் பெயர், தேதி, நேரம், என்ன சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் கொட்டை எழுத்தில் இறங்கிக்கொண்டே போனது. அடியில், ஆப்பின் சொந்தப் பட்டை. முகப்பு, அறிவிப்பு, உதவி என்று சின்னச் சின்னப் படங்கள் இருக்கும் பட்டை. அதற்குப் பின்னால் பச்சை நிறத்தில் நூல் அளவுக்கு ஏதோ எட்டிப் பார்த்தது. அதுதான் 'வருகிறேன்'. அவர் பக்கத்தை மேலே தள்ளினார். பக்கம் கொஞ்சம் எழும்பி, விட்டதும் பழையபடி வந்து நின்றது. அந்த நூல் மேல் விரலை வைத்து அழுத்தினார். 'முகப்பு' அழுந்திப் பக்கமே மூடிக்கொண்டது.

"எத்தனை தடவை பண்ணின?"

"காலைலேர்ந்து பண்றேன்."

"ஏன்ணா சொல்லல?"

"என் விரல்தான் மொத்தமா இருக்குன்னு நெனச்சேன். அதோட நீ இவ்ளோ மாசமா இதுக்காக ஒழைச்சிருக்க. மொத நாளே நான் வந்து குறை சொல்லணுமா?"

எனக்கு அவரைத் திட்டவும் வந்தது, அழவும் வந்தது. திட்டுவதுதான் சுலபமாக வந்தது. "மூச்சு முட்டும்போதும் இப்பிடித்தான் நாசூக்கு பாப்பீங்களா?" என்றேன்.

நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிருந்தது. லேப்டாப்பைத் திறந்தாள். அதே ஆப், அதே பெரிய எழுத்து, ஓட்டினாள். பச்சை. மறுபடி ஓட்டினாள். பச்சை. "அழுத்த முடியாத பட்டனை இது எப்பிடி அழுத்துது?" என்று தனக்குத்தானே கேட்டாள். தான் எழுதியதை வரிவரியாகப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உள்ள போய் அழுத்துது அண்ணி. நான்தான உள்ள போன்னு எழுதினேன். பக்கத்துக்குள்ள போனதுக்கப்புறம் அதுக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும். மேல ஆப்போட பட்டை மூடியிருக்கறது தெரியாது. மனுஷன் விரல் வெளியேர்ந்துதான வரணும்?"

"சரி, இப்ப என்ன?"

"அங்க போறவங்க பாதிப் பேர் அண்ணன் மாதிரிதான். பெரிய எழுத்து. எல்லாரும் இப்பிடித்தான் உக்காந்திருப்பாங்க, அவங்க விரலைத் திட்டிட்டு."

இவருக்காவது தங்கை இருக்கிறாள். தனியாக இருக்கிறவர்கள்? போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் அந்த வரவேற்புப் பெண்ணை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நாளைக் காலையில் போய் நின்றால் 'உங்க முறை தள்ளிப்போச்சு' என்பார்கள். திரும்பி வீட்டுக்கு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மேனேஜருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், 'வருகிறேன்' பட்டனை நிறையப் பேரால அழுத்த முடியாது. வெளிய தெரியவே தெரியாது."

"'வருகிறேன்' கம்மியாத்தான் வந்திருக்கு, பாத்தேன். மொத நாள், பழகணும்ல. காலைல நீங்கதான எல்லாம் பச்சைன்னீங்க?"

"சொன்னேன் சார். என் சோதனை தப்பு."

அதெப்படி என்று எல்லாரையும் கேட்கிறவள், தன் தப்பை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டது இல்லை. மேனேஜர் நல்ல மனிதர்தான். குதிக்கவில்லை. நிலையத்துக்குப் போன் செய்து பேசினார். ஆறு மணிக்குத் தானாக மூடிக்கொள்ளும், அதை மாற்றுவது எங்களுக்குத் தெரியாது என்று அங்கே கையை விரித்தார்களாம். ஆப்பைத் திருத்தலாம் என்றால், போனில் ஆப்களை இறக்கித் தரும் கடைக்காரர்கள் திருத்தியதைப் பார்த்து அனுமதித்து எல்லார் போனுக்கும் போய்ச் சேர நாள் பிடிக்கும். அதைச் சொல்லும்போது அவர் குரலும் இறங்கிவிட்டது.

இவள் என் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். நான் வெட்டி வைத்திருந்த துணி எல்லாம் அவள் துப்பட்டா பட்டுக் கீழே விழுந்தது. திடீரென்று நின்றாள்.

"ஆப்பை மாத்தினாத்தான நாளாகும்? பக்கத்தை மாத்த எவ்ளோ நேரமாகும்?"

பக்கம் ஆப்போடு போனில் வந்து உட்கார்ந்திருப்பது இல்லை. ஒவ்வொரு தடவையும் பக்கக்காரர் வைத்திருக்கும் இடத்திலிருந்துதான் வருகிறது. அவர் அங்கே மாற்றிவிட்டால் அடுத்த நொடி திறக்கிறவருக்குப் புதுப் பக்கம் வரும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இத்தனை நாள் அவள் திட்டிக்கொண்டிருந்த அந்த இரவல் பக்கம்தான் இப்போது ஒரே வழி.

அவரை முதல் தடவையாகக் கூப்பிட்டாள். மெல்லிய குரல். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற ஆளாக இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன்.

"என் பக்கத்துல பட்டன் இருக்கே மேடம். நீங்களே பாஸ் பண்ணி அனுப்பியிருக்கீங்க."

"பட்டன் இருக்கு சார். விரல்தான் போகல. வீடியோல காட்டறேன், ஒரு நிமிஷம் பாருங்க."

அண்ணனை முன்னால் உட்கார வைத்தாள். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் போனைப் பிடித்து, தள்ளி, அழுத்தினார். முகப்பு. மறுபடி திறந்து, தள்ளி, அழுத்தினார். முகப்பு. மூன்றாவது தடவையும் அதே பொறுமையோடு அவர் திறக்கப் போனபோது பக்கக்காரர் "போதும் சார்" என்றார். பிறகு, "மன்னிச்சுக்கங்க சார். அடியில எடம் விட்டுடறேன். தள்ளினா பட்டன் மேல வந்துடும்" என்றார்.

பக்கக்காரர் அதைச் செய்துகொண்டிருந்தபோது இவள் சும்மா இருக்கவில்லை. தன் சோதனையைத் திருத்தி எழுதினாள். உள்ளே போய்ப் பட்டன் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார், பிறகு வெளியே வந்து, மனிதர் மாதிரி பக்கத்தைத் தள்ளி, போன் திரையின் மேல் அந்த இடத்தில் அழுத்து. ஓட்டினாள். சிவப்பு. "ஹப்பா" என்று நாற்காலியில் சாய்ந்தாள். சிவப்பைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இப்போதுதான் அது நிஜத்தைச் சொல்கிறது.

பக்கக்காரரிடமிருந்து செய்தி வந்தது. வழக்கமான ஒற்றை வார்த்தை இல்லை. 'மாற்றிவிட்டேன், சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்கள், கையெல்லாம் வேர்க்கிறது' என்று இருந்தது. ஓட்டினாள். சின்ன போன், பெரிய எழுத்து, பச்சை. ஆனாலும் அவள் அதை நம்பவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவர் திறந்தார், தள்ளினார். பட்டைக்கு மேலே ஏறி முழுசாக வந்து நின்றது 'வருகிறேன்'. அழுத்தினார். 'நன்றி, நாளை சந்திப்போம்' என்று வந்தது. என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அவளுக்கு இன்னும் தீரவில்லை. காலையில் முயன்று விட்டுவிட்டவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆப்பிலிருந்து எல்லாருக்கும் ஒரு அறிவிப்பு அனுப்பலாம் என்றார் மேனேஜர். 'சிறு தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று எழுதி அவளுக்கு அனுப்பினார். இவள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதினாள். 'காலையில் பட்டனை அழுத்த முடியாமல் போனது எங்கள் தவறு. உங்கள் போனிலும் விரலிலும் ஒரு குறையும் இல்லை. இப்போது திறந்து, பக்கத்தை மேலே தள்ளி அழுத்துங்கள்.' ஒரு ஆபீஸ் இப்படி எல்லாம் எழுதுமா என்று மேனேஜர் தயங்கினார். பிறகு அப்படியே அனுப்பினார்.

அண்ணனின் போனிலும் அது வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்ததை இன்னொரு தடவை படித்தார். போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆறு மணி வரை மேனேஜர் அவ்வப்போது போனில் "ஏறுது, ஏறிட்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு அடித்ததும் கணக்கு நிலையத்துக்குப் போய்விடும், மொத்தம் எத்தனை பேர் வர வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியாது. எல்லாரும் அழுத்தினார்களா, யாராவது விட்டுப்போனார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவள் பேருக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும்போது அவளும் செருப்பை மாட்டினாள். இத்தனை நாளில் அவள் அங்கே வந்ததே இல்லை, ரத்தத்தைப் பார்க்கப் பயம். ஆபீஸ் இல்லையா என்று கேட்டேன். லீவு சொல்லிவிட்டேன் என்றாள்.

நிலையத்தில் ஒரு நீளக் கூடம். இரண்டு பக்கமும் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு இயந்திரம். என் வீட்டுக்காரர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவள் உட்காரவில்லை. ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக நடந்து ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே போனாள். தூங்குகிற ஒரு அம்மா. பேப்பர் படிக்கிற ஒருவர். போனைக் கண்ணுக்கு அருகே வைத்து, விரல் அகல எழுத்தில் ஏதோ செய்தி படிக்கிற ஒரு கிழவர். கூடத்தின் கோடி வரை போய்விட்டு மறுபக்கமாகத் திரும்பி வந்தாள்.

அங்கே இருந்த நர்ஸ் அவளை வழிமறித்தாள். புது ஆளாக இருக்கிறாளே, இடம் தேடுகிறாள் போல என்று நினைத்திருக்க வேண்டும்.

"இன்னைக்கு ஒரு எடம்கூட காலி இல்லைங்க. யாருக்காவது வேணுமா?"

அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்து போவதற்குள் அவளே சமாளித்துக்கொண்டாள்.

"வேணாம் சிஸ்டர். எல்லாரும் வந்துட்டாங்க."